பயமறியாத பெண்ணும் ஒரு மூச்சும்

பாம்பும் சிலந்தியும் தனக்கு அறவே பிடிக்காது என்றுதான் அந்தப் பெண் சொல்லிவந்தார். ஆனால் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரை அபூர்வப் பிராணிகள் விற்கும் கடைக்கு அழைத்துப்போனபோது, ஒரு பாம்பைக் கையில் வாங்கி மூன்று நிமிடத்துக்கும் மேல் வைத்திருந்தார். செதிலைத் தடவினார். வெளியே நீண்ட நாக்கைத் தொட்டுப் பார்த்தார். பெரிய பாம்புகளையும் தொடலாமா என்று கடைக்காரரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கென்டக்கியில் ஒரு பழைய காசநோய் மருத்துவமனையை ஆண்டுதோறும் பேய் வீடாக அலங்கரித்துக் காசு வசூலிப்பார்கள். அங்கும் அழைத்துப்போனார்கள். உடன் வந்தவர்கள் அலற, இவர் முன்னால் நடந்தார். இருட்டிலிருந்து பாய்ந்த 'பூத'த்தின் தலை எப்படி இருக்கிறதென்று விரலால் குத்திப் பார்த்தார். திடுக்கிட்டது பூத வேடம் போட்டிருந்தவர்தான்.

ஆய்விதழ்கள் இவரை எஸ்.எம். என்ற இரண்டெழுத்தால் மட்டுமே குறிப்பிடுகின்றன. உர்பாக்-வீத்தே என்ற மிக அரிய மரபணு நோய் இவருடைய மூளையின் இருபக்க அமிக்டலாக்களையும் அழித்துவிட்டது. பாதாம் பருப்பு வடிவில், காதுக்கு நேர் உள்ளே புதைந்திருக்கும் இந்தச் சிறு உறுப்பைத்தான் அச்சத்தின் தலைமையகம் என்று பாடநூல்கள் சொல்லும். தலைமையகம் போனதும் அச்சமும் போய்விட்டது. ஒருமுறை பூங்காவில் ஒருவன் இவரைப் பிடித்திழுத்துக் கழுத்தில் கத்தியை வைத்தான். அவனிடமிருந்து விடுபட்டு, ஓடாமல், நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் அதே பூங்கா வழியாகவே போனார்.

இப்படிப்பட்டவரை நடுங்க வைத்தது ஒரே ஒரு மூச்சு.

ஜஸ்டின் ஃபைன்ஸ்டைனும் சகாக்களும் 2013-ல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை அது. முகத்தில் ஒரு முகமூடியை மாட்டி, 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு தடவை மட்டும் ஆழமாக இழுக்கச் சொன்னார்கள். நாம் சுவாசிக்கும் வெளிக்காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான் உண்டு. இதில் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. மீதி 65 சதவீதமும் ஆக்சிஜன், அதாவது வழக்கமாகக் கிடைப்பதைப்போல் மூன்று மடங்கு. ஆனாலும் சில நொடிகளில் எஸ்.எம். முகமூடியை நோக்கிக் கையை ஆட்டினார். உதவி கேட்டுக் கத்தினார். முகமூடியைக் கழற்றிய பிறகு, இப்படியோர் உணர்வு தனக்கு முற்றிலும் புதிது என்றார்.

ஆய்வாளர்கள் எதிர்பார்த்திருந்ததோ நேர்மாறான முடிவை. கரியமில வாயு கூடும்போது ரத்தத்தில் ஏறும் அமிலத்தன்மையை எலிகளின் அமிக்டலாவே மோப்பம் பிடித்து அச்சத்தைக் கிளப்புகிறது என்று 2009-ல் அதே அயோவா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே அமிக்டலா இல்லாதவர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பியது. கத்தியும் பாம்பும் கண் வழியாக, காது வழியாக வருபவை. மூச்சு முட்டுவது உடலுக்குள்ளிருந்து வருவது. அதற்கு அமிக்டலாவின் வாசலைத் தட்ட வேண்டிய தேவையே இல்லை.

மூச்சுக்கும் மனத்துக்கும் உள்ள உறவு தமிழ் பேசுகிறவர்களுக்குப் புதிய சேதி அல்ல. ஏக்கத்துக்கு ஒரு பெருமூச்சு, நிம்மதிக்கு இன்னொரு பெருமூச்சு என்று பிரித்தே வைத்திருக்கிறோம். துக்கத்துக்கு விம்மல், தேம்பல். ரகசியத்துக்கு 'மூச்சு விடாதே'. பிரிவில் வாடும் தலைவி விடும் சூடான மூச்சுக்குச் சங்கப் பாடல்களிலேயே 'வெய்துயிர்த்தல்' என்று பெயர் உண்டு. மொழி கண்டுகொண்டது சரி. அறிவியல் கேட்கும் கேள்வி வேறு: மனம் கலங்குவதால் மூச்சு மாறுகிறதா, மூச்சு மாறுவதால் மனம் கலங்குகிறதா?

1884-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். கரடியைக் கண்டு பயந்து ஓடுகிறோம் என்பது தவறு, ஓடுவதால்தான் பயப்படுகிறோம் என்பது அவர் வாதம். உடலில் ஏற்படும் மாற்றங்களை மூளை படித்துப் பார்க்கிறது, அந்த வாசிப்புக்குத்தான் உணர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றார். இருபது ஆண்டு கழித்து இன்னும் ஒரு படி மேலே போய், தனக்குள் ஓடும் 'சிந்தனை' என்பதை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் மூச்சோட்டம்தான் தட்டுப்படுகிறது என்று எழுதினார். மிகைதான். ஆனால் அந்த மிகையில் சரக்கு இருந்ததென்று தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பெல்ஜியத்தின் லூவான்-லா-நூவ் நகரில் பியர் ஃபிலிப்போவும் சகாக்களும் 2002-ல் வெளியிட்ட சோதனை எளிமையானது, சற்றுக் குறும்பானதும்கூட. முதலில் ஒரு குழுவினரை மகிழ்ச்சி, கோபம், அச்சம், துக்கம் ஆகியவற்றை மனத்தில் வரவழைத்துக்கொண்டு, அப்போது மூச்சு எப்படிப் போகிறதென்று கவனித்துச் சொல்லச் சொன்னார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துச் செய்முறை தயாரித்தார்கள்: இவ்வளவு வேகம், இவ்வளவு ஆழம், மூக்கு வழியாகவா வாய் வழியாகவா, இடையில் பெருமூச்சு உண்டா என்று. பிறகு இது எதுவும் தெரியாத வேறு ஆட்களிடம் அந்தச் செய்முறைகளைக் கொடுத்து, இப்படி மூச்சு விடுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். கோபத்தின் மூச்சை விட்டவர்களுக்குக் கோபம் வந்தது. மகிழ்ச்சியின் மூச்சை விட்டவர்கள் மகிழ்ந்தார்கள். பாதை இருவழிப் பாதை என்பது உறுதியாயிற்று.

அந்தப் பாதை உடலில் எங்கே இருக்கிறது? இங்கேதான் கதையில் ஒரு ஒயின் பாட்டில் நுழைகிறது. அமெரிக்க நரம்பியலாளர் ஜாக் ஃபெல்ட்மன் ஜெர்மனியில் ஒரு மாநாட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தார். மூளைத்தண்டில் மூச்சோடு தொடர்புள்ள ஒரு பகுதிக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. மேசையில் இருந்த பாட்டிலில் 'போட்ஸிங்கர்' என்று எழுதியிருந்தது. அதையே வைத்துவிட்டார். பின்னால் அதற்கு அடுத்திருக்கும் பகுதிதான் உண்மையில் மூச்சின் தாளத்தை உண்டாக்குகிறது என்று தெரிந்தபோது அதற்கு 'ப்ரீ-போட்ஸிங்கர்' என்று பெயர் வந்தது. 1991-ல் ஃபெல்ட்மனும் சகாக்களும் புதிதாகப் பிறந்த எலிக்குட்டியின் மூளைத்தண்டிலிருந்து இந்தப் பகுதியை மெல்லிய சீவலாக வெட்டியெடுத்துத் தட்டில் வைத்தார்கள். நுரையீரல் இல்லை, மார்பு இல்லை, உடலே இல்லை. ஆனாலும் அந்தச் சீவல் தன்பாட்டுக்கு மூச்சுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நாம் தூங்கினாலும் மயங்கினாலும் ஓய்வின்றி இயங்கும் தாளம் இது. நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை. நாளொன்றுக்குச் சுமார் இருபதாயிரம் மூச்சு. இதயமும் குடலும்கூடத் தாமாகத்தான் வேலை செய்கின்றன, ஆனால் அவற்றிடம் 'சற்றே நில்' என்று சொல்ல முடியாது. மூச்சிடம் சொல்லலாம். பேசும்போது, பாடும்போது, தண்ணீரில் மூழ்கும்போது மூளையின் மேற்பரப்பு தாளக்காரரின் கையைப் பிடித்து நிறுத்துகிறது, விடுகிறது. தானாகவும் ஓடி, சொன்ன பேச்சும் கேட்கிற உள்ளுறுப்பு வேலை இதைப்போல் வேறொன்றில்லை.

ஸ்டான்ஃபோர்டில் கெவின் யாக்கிளும் மார்க் க்ராஸ்னோவும் ஃபெல்ட்மனோடு சேர்ந்து 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கண்டுபிடிப்பு தற்செயலாகக் கிடைத்தது. எலியின் ப்ரீ-போட்ஸிங்கரில் ஏறக்குறைய 3,000 நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் ஒரு குறிப்பிட்ட ரகத்தைச் சேர்ந்த 175 அணுக்களை மட்டும் அழித்துவிட்டு, மூச்சு எப்படிச் சிதறப்போகிறதென்று காத்திருந்தார்கள். முதலில் மூச்சில் பெரிதாக ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. மாறியது எலி. புதுக் கூண்டில் விட்டால் எந்த எலியும் பரபரவென்று மூலை முடுக்கெல்லாம் மோந்து திரியும். இவையோ ஓரிடத்தில் உட்கார்ந்து மேனியைச் சாவகாசமாக நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. அந்த 175 அணுக்களிலிருந்து 'லோகஸ் செருலியஸ்' என்ற புள்ளிக்கு நேரடிக் கம்பி போகிறது என்று பிறகு தெரிந்தது. மூளை முழுவதற்கும் நார்அட்ரினலினை அனுப்பி விழிப்பையும் பதற்றத்தையும் ஏற்றும் இடம் அது. மூச்சின் தாளக்காரர் ஒவ்வொரு வேகமான மூச்சுக்கும் அங்கே ஒரு தகவல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தகவல்காரர்கள் போனதும் எலி முனிவராகிவிட்டது.

எதிர்த்திசையில் போகும் கம்பியும் பிறகு அகப்பட்டது. மூளையின் முன்பகுதியிலிருந்து மூளைத்தண்டுக்கு இறங்கி மூச்சை மெதுவாக்கும் ஒரு சுற்றை 2024-ல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவன ஆய்வாளர்கள் எலிகளில் விவரித்தார்கள். அதைத் தூண்டினால் மூச்சு தணிந்தது, பதற்றமும் தணிந்தது. எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று துள்ளிவிடக் கூடாது. ஆனாலும் பிடி கிடைத்திருக்கிறது.

பெருமூச்சின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. வருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதர் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தம்மையறியாமல் பெருமூச்சு விடுகிறார். கவனித்தால், அது ஒரு நீண்ட மூச்சு மட்டுமல்ல, ஒரு மூச்சின் மேல் இன்னொரு மூச்சு ஏறியிருக்கும். காரணம் நுரையீரலில் இருக்கிறது. அங்குள்ள ஐம்பது கோடிக்கு நெருக்கமான காற்று நுண்ணறைகளில் சில, சிறு மூச்சுகளின்போது ஈரமான பலூன்போல ஒட்டிச் சுருங்கிவிடும். அவற்றை மறுபடி ஊதி விரிக்க அவ்வப்போது ஒரு பெரிய இழுப்பு தேவை. 1963-ல் பாஸ்டன் மருத்துவர்கள் இதை அறுவை மேசையில் கண்டார்கள். மயக்கத்தில் இருந்தவர்களுக்கு இயந்திரம் ஒரே அளவான காற்றைச் செலுத்திக்கொண்டிருந்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் சிறிது சிறிதாகக் குறைந்தது. இடையில் சில பெரிய மூச்சுகளைச் செலுத்தியதும் மீண்டும் ஏறியது. இயந்திரத்துக்குப் பெருமூச்சு விடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெருமூச்சுக்கான விசையும் ப்ரீ-போட்ஸிங்கரின் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. 2016-ல் இதே ஃபெல்ட்மன்-க்ராஸ்னோ கூட்டணி அதைக் கண்டுபிடித்தது. சில நூறு நரம்பணுக்கள், இரண்டு சிறு புரதத் துணுக்குகள், அவ்வளவே. அந்தத் துணுக்குகளைச் செலுத்தினால் எலி அடுக்கடுக்காகப் பெருமூச்சு விட்டது. அவற்றைப் பெறும் அணுக்களை அழித்தால் சாதாரண மூச்சு தொடர்ந்தது, பெருமூச்சு மட்டும் நின்றுபோனது. நுரையீரலின் பராமரிப்புக்காக ஏற்பட்ட இந்தச் சிறு இயந்திரம் ஏக்கத்துக்கும் நிம்மதிக்கும் எப்படி வேலைக்காரனாயிற்று என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு. பதற்றத்தில் ஒழுங்கு குலைந்த மூச்சை அது பழைய தாளத்துக்குத் திருப்பிவிடுகிறது என்பது பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். தேர்வு முடிவைப் பார்த்த கையோடு 'அப்பாடா' என்று வெளியேறும் காற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது.

மூக்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1942-லேயே பிரிட்டனின் எட்கர் ஏட்ரியன் முள்ளெலியின் மோப்ப மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு மூச்சுக்கும் அங்கே ஓர் அலை எழுவதைப் பதிவுசெய்தார். மனிதரில் அதைப் பார்க்க, மண்டையைத் திறக்க வேறொரு நியாயமான காரணம் வேண்டுமே! வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன்னால் மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களிடம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா செலானோ அதைச் செய்தார். 2016-ல் முடிவு வெளியானது. மூக்கால் காற்றை இழுக்கும்போது மோப்பப் பகுதியில் மட்டுமல்ல, அமிக்டலாவிலும் நினைவுக்கான ஹிப்போகாம்பஸிலும் அலைகள் மூச்சோடு தாளம் சேர்ந்தன. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குத் திரையில் முகங்களைக் காட்டியபோது, மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் தோன்றிய அச்ச முகத்தை அவர்கள் சற்று விரைவாக அடையாளம் கண்டார்கள். வாயால் மூச்சு விட்டபோது அந்தச் சிறப்பு மறைந்துவிட்டது.

வேகமூச்சு மனத்தை என்ன செய்யும் என்பதற்குத் தலையாய உதாரணம் பீதித் தாக்குதல். பதற்றத்தில் மூச்சு வேகமெடுக்கிறது. தேவைக்கு மேல் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. கழிவுதானே, போனால் போகட்டும் என்று தோன்றலாம். ஆனால் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1905-ல் சக ஆய்வாளர் பிரீஸ்ட்லியோடு சேர்ந்து காட்டியபடி, மூச்சின் வேகத்தை முதன்மையாக நிர்ணயிப்பதே இந்த வாயுதான். (ஹால்டேன் மூடிய பெட்டிக்குள் தாமே உட்கார்ந்து கெட்ட காற்றைச் சுவாசித்துச் சோதிக்கும் ரகம்.) இந்த வாயு குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. ரத்தம் காரத்தன்மை அடைந்து, அதில் தனித்து உலவும் கால்சியம் குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, மார்பு இறுகுகிறது. 'ஐயோ, மாரடைப்பு!' என்று மனம் முடிவுகட்டுகிறது. மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. நெருப்பை ஊதி ஊதி வளர்ப்பதைப்போல.

இந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வது, 'நல்லா ஆழமா மூச்சை இழுத்து விடு'. வேகம் குறையாமல் ஆழம் மட்டும் கூடினால் இன்னும் அதிக வாயுதான் வெளியேறும். டெக்சஸ் மாநிலத்தில் அலீசியா மியூரெட் என்ற உளவியலாளர் பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு நேர்மாறாகப் பயிற்சி கொடுத்தார். வெளிவிடும் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறதென்று காட்டும் சிறு கருவியைக் கையில் கொடுத்து, மெதுவாகவும் அளவாகவும் மூச்சு விட்டு அந்த எண்ணை உயர்த்தக் கற்றுக்கொடுத்தார். நான்கு வாரத்தில் பீதியின் கடுமை குறைந்தது. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய சினிமா வைத்தியத்தை மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. உண்மையிலேயே இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆளையே கொன்றுவிடக்கூடும். முதல் முறையாக மார்பு இறுகி மூச்சு முட்டினால் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

மெதுவான மூச்சின் பக்கம் வந்தால், அங்கே வேகஸ் நரம்பு காத்திருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று உலாவும் இந்த நரம்பு இதயத்தின் பிரேக். மூச்சை உள்ளிழுக்கும்போது பிரேக் சற்றுத் தளர்ந்து துடிப்பு கூடுகிறது, வெளிவிடும்போது பிடித்துத் துடிப்பு குறைகிறது. மணிக்கட்டில் விரலை வைத்து நிதானமாக மூச்சு விட்டால் பலருக்கு இது விரலிலேயே தட்டுப்படும். ஆகவே வெளிமூச்சை நீட்டுகிறவர் பிரேக்கைக் கூடுதல் நேரம் அழுத்துகிறார்.

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் லுச்சியானோ பெர்னார்டி 23 பேரைக் கொண்டு செய்த சோதனை 2001-ல் வெளிவந்தது. லத்தீனில் ஜெபமாலை சொல்லும்போதும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரத்தை ஓதும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தில் இயல்பாகவே பத்து நொடிக்கு ஒரு முறை எழும் அலை ஒன்று உண்டு. ஆறு மூச்சு அதனோடு கச்சிதமாக இணைசேர, அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் அனிச்சைச் செயல் வலுவடைந்தது. வாட்டிகனும் திபெத்தும் கலந்து பேசி இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. நமது பக்கத்திலும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தர் 1924-ல் கைவல்யதாமத்தை நிறுவி, யோக மூச்சை எக்ஸ்ரே கருவியும் அளவுமானியும் வைத்து ஆராயத் தொடங்கினார்.

ஸ்டான்ஃபோர்டில் 2023-ல் வெளியான ஒரு சோதனை நூற்றுச் சொச்சம் பேரை ஒரு மாதம் தொடர்ந்து கவனித்தது. தினம் ஐந்து நிமிடம் மட்டும். சிலர் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் தியானம் செய்தார்கள். சிலர் வேண்டுமென்றே பெருமூச்சு விட்டார்கள்: மூக்கால் இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாயால் நீளமாக வெளியே. எல்லாக் குழுவினருக்கும் பதற்றம் குறைந்தது. மனநிலை அதிகம் மேம்பட்டது பெருமூச்சுக் குழுவுக்கு. இவையெல்லாம் அவரவர் சொல்லக் கேட்டுக் குறித்த அளவுகள், ஆளும் குறைவு, காலமும் குறைவு. இதை வைத்துக்கொண்டு மனச்சோர்வும் நீரிழிவும் மூச்சாலேயே பறந்துபோகும் என்று கைப்பேசிச் செயலி விற்கிறவர்களை நம்ப வேண்டிய அவசியமில்லை.

எஸ்.எம். சோதனையில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அவரைப்போலவே அமிக்டலா அழிந்த இரட்டைச் சகோதரிகள் இருவருக்கும் அதே காற்றைக் கொடுத்தார்கள். அவர்களும் பீதியடைந்தார்கள். மூளையில் பழுதில்லாத 12 பேரில் பீதியடைந்தவர்கள் மூன்று பேர்தான். அமிக்டலா அச்சத்தைக் கிளப்புவது மட்டுமல்ல, சில வேளைகளில் அடக்கவும் செய்கிறதோ என்ற கேள்வியை இது எழுப்பியது. பிறகு எல்லோரும் அந்தக் காற்றை இரண்டாம் முறை இழுக்க வேண்டியிருந்தது. மூளையில் பழுதில்லாதவர்களில் முதல் முறை பீதியடைந்திருந்த மூவருக்கும் முகமூடியை எதிர்பார்க்கும்போதே உடல் பதறத் தொடங்கியது. எஸ்.எம்.முக்கும் சகோதரிகளுக்கும் அப்படி எதுவும் நேரவில்லை. அலாதியான அமைதியோடு காத்திருந்தார்கள். காற்று உள்ளே போனதும் மறுபடி பீதியடைந்தார்கள்.